மணலுக்கு முப்பது, தொட்டிக்குப் பதினைந்து

குடிநீர் வழங்கலுக்கென்று மத்திய அரசின் பொறியியல் கையேடு ஒன்று உண்டு. அதன் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர் அட்டவணை வரும். எந்தப் பணியை எத்தனை ஆண்டுத் தேவைக்குக் கணக்கிட்டுக் கட்ட வேண்டும் என்பது அதில் இருக்கும். அணைக்கு 50 ஆண்டு. குழாய்களுக்கு 30. மோட்டாருக்கும் பம்புக்கும் 15. சுத்திகரிப்பு நிலையத்துக்கு 15, மேல்நிலைத் தொட்டிக்கும் 15. நடுவில், அதிகம் பேர் நின்று பார்க்காத ஒரு வரி: மணலில் ஊறிவரும் நீரைத் திரட்டும் ஊற்றுப் பணிகளுக்கு 30. இவை ஆயுள் கணக்கு அல்ல, மக்கள்தொகை பெருகும் கணக்கு என்று பொறியாளர்கள் திருத்துவார்கள். சரிதான். ஆனாலும் நடைமுறையில் அந்தப் பதினைந்தை எல்லோரும் ஆயுளாகத்தான் வாசிக்கிறார்கள். தொட்டிக்கு வயதாகிவிட்டது, இடித்துவிட்டுப் புதிது கட்டித் தாருங்கள் என்று மனு போகிறது. கடலோரத்தில் அந்தப் பதினைந்துகூடத் தாங்காத தொட்டிகள் உண்டு.

பசியாவரம் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற மீனவ ஊர். திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். பழவேற்காட்டுக் கரையில் நின்றால் வீடுகள் கண்ணுக்குத் தெரியும், இடையில் தண்ணீர். பக்கத்தில் இடமணியும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் படகு ஏறிப் பழகி, ஒரு பாலத்துக்காகப் பல்லாண்டு காத்திருந்த ஊர். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் வெள்ளம் கொண்டுவந்து உப்பைக் குறைக்கும். கோடையில் முகத்துவாரம் தூர்ந்துபோனால் ஏரி கடலைவிடக் கூடுதலாகக் கரிக்கும். நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊரில் குடிதண்ணீரைப் பற்றி எழுதும்போது ஒரு நாடகத்தனம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அதை ஒதுக்கிவிட்டு சிமென்ட்டிலிருந்தும் கம்பியிலிருந்தும் தொடங்கலாம்.

கான்கிரீட் தொட்டியை உப்பு வெளியிலிருந்து தின்பதில்லை. காற்றில் வரும் உப்பு, சிமென்ட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. தொட்டியின் அடிவயிற்றில் கம்பி எலும்புபோலத் தெரிவதைக் கடலோர ஊர்க்காரர்கள் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளைத் தொட்டியடியில் விளையாட விடாமல் விரட்டுவார்கள். தொட்டி மட்டும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இதற்கு விதி இல்லாமலில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கம்பிக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் போர்வை வேண்டும் என்று சூழலுக்கு ஏற்பப் பிரித்துச் சொல்கிறது. சாதாரணச் சூழலுக்கு 20, 30 போதும். கடலோரம் என்றால் 45, கடல்நீர் தெறிக்கும் இடம் என்றால் 50. இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் இருப்பது ஒரு கட்டைவிரல் தடிமன். தீவில் கட்டும் தொட்டியின் ஆயுள் அந்தக் கட்டைவிரலில் இருக்கிறது. சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் நடுவே வைக்கிற கவர் பிளாக்கை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? திறப்பு விழாவில் அது கண்ணுக்குத் தெரியாது.

அதே தரநிலையில் இன்னொரு விதியும் உண்டு. தீவுக்காரர்கள் அதைப் படித்தால் சிரிப்பார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலவை பிசையும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. அதாவது, நல்ல தண்ணீருக்குத் தொட்டி கட்ட முதலில் நல்ல தண்ணீர் வேண்டும். கலவைக்கு வேண்டும், அதன் பின் பல நாள் விடாமல் நனைப்பதற்கும் வேண்டும். ஊருக்குக் குடிக்கவே தண்ணீர் தட்டுப்பாடு என்பதால்தான் தொட்டி கட்ட வந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் படகில் நல்ல தண்ணீர் ஏற்றிவந்து சுவருக்கு ஊற்றுவதா, பக்கத்தில் அலையடிக்கும் தண்ணீரை மொண்டு ஊற்றுவதா என்று மேஸ்திரி முடிவெடுப்பார். பிசைந்த அன்றே உப்பை உள்ளே வைத்துப் பூசினால், வெளியிலிருந்து உப்பு வரும்வரை துரு காத்திருக்காது.

இந்தத் தொட்டிக்கு முன்னால் இந்த மண்ணில் இன்னொரு தொட்டி இருந்தது. கட்டியவர் யாரும் இல்லை. கடலோர மணல்மேட்டில் விழும் மழை மணலுக்குள் இறங்கும். கீழே ஏற்கெனவே உப்புநீர் நிற்கிறது. மழைநீர் அடர்த்தி குறைந்தது, ஆகவே உப்புநீரோடு உடனே கலந்துவிடாமல் அதன் மேல் மிதக்கும். மணல் வடிகட்டியாகிறது, அதுவே சேமிப்பாகவும் ஆகிறது. சுத்திகரிப்பும் தொட்டியும் ஒரே பொருள். கையாலோ கொட்டாங்குச்சியாலோ பள்ளம் பறித்துக் காத்திருந்தால் நல்ல தண்ணீர் சுரக்கும். அதை அலுங்காமல் சேந்திக் குடத்தில் ஊற்ற வேண்டும். ஆழமாகத் தோண்டினால் கரிக்கும் என்பது கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த விதி.

இந்த விதிக்கு ஐரோப்பியப் புத்தகங்களில் இரண்டு பெயர் இருக்கிறது. 1880களின் இறுதியில் டச்சு ராணுவப் பொறியாளர் பாடொன் கைபனும், 1901இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டு எழுதினார்கள். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. சிறு தீவுகளில் நன்னீரும் உப்பும் எல்லையில் கலந்துபோவதால் அவ்வளவு கிடைக்காது. கணக்கைத் திருப்பிப் படித்தால்தான் கலக்கம் வருகிறது: மேலே ஓர் அடியை உறிஞ்சினால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும்.

கொட்டாங்குச்சி மேலாக்கில் இருப்பதை மட்டும் எடுத்தது. ஆழ்துளைக் குழாயும் மோட்டாரும் ஒரே புள்ளியில் வேகமாக இழுத்தன. அந்தப் புள்ளிக்கு நேர் கீழே உப்பு கூம்புபோல எழுந்தது. கடலோர ஊர் ஒன்றில் குழாய்த் தண்ணீர் ஒரு கோடையில் கரிக்கத் தொடங்கினால் அநேகமாக இதுதான் நடந்திருக்கும். பிறகு அந்தக் கிணறு ‘கெட்டுப்போச்சு’ என்பார்கள். இரண்டு மூன்று மழைக்காலம் சும்மா விட்டிருந்தால் ஒருவேளை தேறியிருக்கும். அவ்வளவு காலம் சும்மா விட எந்த ஊருக்கும் வசதி இல்லை.

பசியாவரத்துக்குத் தெற்கே, மீஞ்சூரில், இதையே ஒரு மாநகரம் செய்தது. அறுபதுகளின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகையை ஆய்வு செய்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் கிணற்று வயல்கள் அமைத்தார்கள். சென்னைக்கும் மணலி ஆலைகளுக்கும் தண்ணீர் போயிற்று, விவசாயிகளின் மோட்டார்களும் ஓடின. 1969இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. உள்ளே இருந்த உப்பு, எண்பதுகளில் சுமார் 9 கி.மீ. வந்திருந்தது. சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர்ச் சட்டம் 1987இல் வந்தபோது உப்பு வெகுதூரம் நடந்து முடித்திருந்தது. பின்பு, 2010இல், அதே மீஞ்சூர்க் கரையோரம் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொடுக்கும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறந்தார்கள். மணலை வற்றவைத்துக் கடலை உள்ளே வரவழைத்த நகரம், அடுத்ததாக அந்தக் கடலையே காசு கொடுத்து வடிகட்டிக் குடிக்கத் தொடங்கியது. குற்றம் சொல்லும் தொனியில் இதை எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சென்னைக் குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்கள்தானே இதை எழுதுகிறோம், படிக்கிறோம்.

காட்டுப்பள்ளி நிலையத்தின் கதையில் தீவு ஊருக்கு வேண்டிய பாடம் தொழில்நுட்பத்தில் இல்லை. அதைக் கட்டி, சொந்தமாக வைத்து 25 ஆண்டு நடத்துவதாக ஒப்பந்தம். கட்டிய நிறுவனங்களில் ஒன்று ஹைதராபாத்தின் ஐ.வி.ஆர்.சி.எல்., இன்னொன்று ஸ்பெயினின் அபெங்கோவா குழுமத்தைச் சேர்ந்த பெஃபெசா. 2015இல் அபெங்கோவா கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நின்றது. 2018இல் ஐ.வி.ஆர்.சி.எல். திவால் நடைமுறைக்குள் போனது. இயந்திரத்துக்குப் பாதி வயதுகூட ஆகவில்லை, அதைச் செய்தவர்களுக்கு முடிந்துவிட்டது.

சிறிய அளவில் ஒவ்வோர் ஊரிலும் இது நடக்கிறது. ஆழ்துளைத் தண்ணீர் கரித்ததும் ‘வாட்டர் பிளான்ட்’ வருகிறது. நீல நிறத்தில் ஒரு சின்ன அறை, உள்ளே நீளக் குழல்களில் மெம்பரேன், வெளியே இருபது லிட்டர் கேன்கள். கடல்நீரை அந்தத் தோல் வழியே தள்ள 55 முதல் 70 மடங்கு காற்றழுத்தம் வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் போகும். கிணற்று உவர்நீருக்கு இதைவிடக் குறைவு. மெம்பரேன் நன்றாகப் பேணினால் ஐந்து ஆறு வருடம் வரும். முன்வடிகட்டியை மாற்றாமல், கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் ஓட்டினால் அதற்கும் முன்பே அடைத்துக்கொள்ளும். அப்புறம் டி.டி.எஸ். மீட்டரில் எண் ஏறும், நாக்கும் சொல்லும், அறை பூட்டப்படும்.

தொட்டியின் வயதும் மெம்பரேனின் வயதும் ஒருபுறம் இருக்கட்டும். என்னை உறுத்துவது பழுது பார்க்கும் கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. மணல் ஊற்று தூர்ந்தால் அங்கே தண்ணீர் எடுக்க வந்தவர்களே பறித்துச் சரிசெய்தார்கள். மேல்நிலைத் தொட்டிக்கு ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர் இருக்கிறார். கேட் வால்வைத் திறப்பவர், பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுபவர், தொட்டி கழுவிய தேதியைச் சுவரில் எழுதுபவர். மோட்டாரில் காயில் எரிந்தால் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். பழவேற்காட்டிலோ பொன்னேரியிலோ ஆள் கிடைப்பார். மெம்பரேனுக்கு வேண்டிய ஆள் சென்னையில் இருக்கிறார், போன் எடுக்க வேண்டும். அந்தக் கம்பெனியே இல்லாமல் போனால் யாருக்குப் போன் செய்வது? ஒவ்வொரு மாற்றத்திலும் தண்ணீர் வீட்டுக்குப் பக்கத்தில் வந்தது. அதைச் சரிசெய்கிற கை அதே அளவு விலகிப்போனது. மாற்றித் தாருங்கள் என்று கேட்கும்போது, எந்தக் கைக்கு மாற்றித் தரச் சொல்கிறோம் என்பதையும் கேட்டாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஊற்றைப் புகழ்ந்து எழுதுவது எழுதுகிறவர்களுக்குச் சுலபம். சேந்தியது யார்? இரவெல்லாம் முறைபோட்டு உட்கார்ந்து, குடம் நிறைய நிறையக் காத்திருந்து, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகச் சுமந்தவர்கள் பெண்கள். காலராவோ மஞ்சள்காமாலையோ, எதையும் மணல் சத்தியம் செய்து தடுத்ததில்லை. குழாய் வந்ததும் ஊற்றடியை ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அது நன்றி கெட்டதனம் ஆகாது. வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு 55 லிட்டர் என்று 2019 ஆகஸ்டில் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தின் அடிப்படை ஆசை நியாயமானது. குழாய் இருக்கட்டும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

மற்றத் தீவுகள் இதற்கு என்ன செய்தன? லட்சத்தீவில் வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது. பவளப்பாறைக்குள் மிதந்த மழைநீர்தான் அதில் ஊறியது. பம்பும் கழிவுத்தொட்டியும் பெருகி அது கெட்டபின், சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும் நிலையம் ஒன்றைக் கட்டியது. ஆழத்திலிருந்து குளிர்ந்த கடல்நீரை மேலேற்றி, மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரிலிருந்து எழும் ஆவியைக் குளிரவைக்கும் முறை, மெம்பரேன் இல்லை. சில நூறு மீட்டர் ஆழம் கரைக்குப் பக்கத்திலேயே இருக்கும் தீவுக்கு அது பொருந்தும். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல்லுக்குள் அதே மிதக்கும் நன்னீர். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு தானே ஊறித் தேறியது, மோட்டார் வந்தபின் தேறவில்லை. இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவர கிளிநொச்சி விவசாயிகள் ஒப்பவில்லை. கடைசியில் 2024 ஆகஸ்டில் தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீட்டர் தரும் கடல்நீர் நிலையம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஐந்நூறு குடும்பம் ஆயிரம் குடும்பம் உள்ள ஏரித் தீவுக்கு அந்த வழி ஒரு சின்ன அறையாகவும் பூட்டாகவும்தான் வந்துசேரும்.

எனக்கு மிகவும் உதவிய உதாரணம் டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. பழவேற்காட்டோடு அவர்களுக்கு உறவு உண்டு: 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள், கல்லறைகள் இன்னும் நிற்கின்றன. அவர்களுடைய ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு 1853இல் குடிநீர் வந்தது கடலோர மணல்மேடுகளிலிருந்து. நகர வாசலில் வாளி ஒரு செண்ட் என்று விற்றார்கள். நகரம் பெருத்தது, இழுப்பு கூடியது, மணலுக்கடியில் உப்பு ஏறியது. மீஞ்சூருக்கு நேர்ந்ததேதான். 1957இல் அவர்கள் செய்த மாற்று ஏற்பாட்டில் மணலைக் கைவிடவில்லை. ரைன் நதியின் நீரை முன்கூட்டியே சுத்தப்படுத்திக் குழாயில் கொண்டுவந்து மணல்மேட்டுக் கால்வாய்களில் விட்டார்கள். அது இரண்டு மூன்று மாதம் மணலுக்குள் ஊறி நடந்து, மறுபுறம் வரும்போது எடுத்து மேலும் சுத்தம் செய்து நகரத்துக்கு அனுப்புகிறார்கள். இன்றைக்கும் அப்படித்தான், குளோரின் வாடை இல்லாமல். பழைய அமைப்பு மூப்படைந்தபோது அதற்கு உணவூட்டினார்கள்.

பசியாவரத்துக்கு ரைன் இல்லை, ஐப்பசி–கார்த்திகை இருக்கிறது. ஒரு கணக்குப் போடலாம். ஆயிரம் பேருக்கு ஆளுக்கு 55 லிட்டர் என்றால் நாளுக்கு 55,000 லிட்டர், வருடத்துக்கு ஏறத்தாழ இரண்டு கோடி. இந்தக் கடற்கரையில் ஆண்டு மழை 1,200 மி.மீ. என்று வைத்தால் ஒரு ஹெக்டேரில் விழுவது 1 கோடியே 20 லட்சம் லிட்டர். அதில் கால்வாசி மணலுக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், ஏழு ஹெக்டேர் திறந்த மணல் இருந்தால் கணக்கு நேராகிறது. முழுவதையும் எடுத்துவிட முடியாது, உப்பைக் கீழே அமுக்கிவைக்க ஒரு பங்கு நிற்க வேண்டும். பாதியை எடுப்பதானால் பதினான்கு ஹெக்டேர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் ஒன்றிரண்டு ஹெக்டேரிலேயே முடிந்துவிடும், மீதிக்குக் கரையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர். எடுக்கும் முறைக்கும் முன்மாதிரி இருக்கிறது: பசிபிக்கில் கிரிபாட்டி நாட்டின் டரவா தீவில், பொன்ரிக்கி என்ற இடத்தில், ஆழத்துக்கு இறங்காமல் துளையிட்ட குழாய்களைப் படுக்கைவாட்டில் பதித்து மேலாக்கில் இருக்கும் நன்னீரை மட்டும் சிறு பம்பால் மெதுவாக எடுக்கிறார்கள். கொட்டாங்குச்சியின் வேலையைக் குழாய் செய்கிறது, பெண்கள் உட்கார வேண்டியதில்லை. அதைத் தொட்டியில் ஏற்றிக் குளோரின் போட்டுத் தரலாம். தொட்டிக்கு 50 மில்லிமீட்டர் போர்வை கொடுத்தால் அதுவும் நிற்கும்.

ஏன் செய்யவில்லை என்றால், பொன்ரிக்கியிலேயே பதில் இருக்கிறது. நீருக்கென்று ஒதுக்கிய நிலத்தில் குடியிருக்கக் கூடாது, பன்றி வளர்க்கக் கூடாது என்று அரசு சொன்னதும் நிலக்காரர்களோடு நீண்ட தகராறு. இங்கே இன்னும் சிக்கல். தீவில் மேடான மணல் எது? வெள்ளத்துக்குத் தப்பி வீடு கட்ட மக்கள் தேடும் இடமும் அதுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறை வந்துவிட்டது, வரவேண்டியதுதான். அதன் குழி இறங்குவதும் அதே மணலில்தான். குடிநீரைத் தேக்குகிற பொருளும் கழிவை வடிக்கிற பொருளும் ஒன்றாக இருக்கும் ஊரில், எந்த மேட்டில் வீடு, எந்த மேட்டில் மழை என்று முதலில் பிரிக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் தொட்டியின் கொள்ளளவைப் போட்டுவிட்டால் இந்தப் பிரிவினையைத் தவிர்த்துவிடலாம். அதிகாரிகளுக்கும் ஊருக்கும் சேர்ந்தே அது சௌகரியம்.

பிரிக்கத் தெரியாத ஊர்கள் அல்ல இவை. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப்போட்டு முறைவைத்துக்கொள்ளும் ‘பாடு’ ஏற்பாடு பழவேற்காட்டில் தலைமுறைகளாக இருக்கிறது. மீன்வளம் பற்றி எழுதுகிறவர்கள் உலக அளவில் எடுத்துக்காட்டும் ஏற்பாடு. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் சுற்றிவரும். மணல்மேட்டைக் காப்பதற்கும் நீர் எடுப்பதற்கும் அப்படி ஒரு முறை வைக்க முடியும் என்றுதான் தோன்றுகிறது. ஒன்றுதான் இடிக்கிறது: ‘பாடு’ப் பட்டியலில் மீனவச் சாதியான பட்டினவர் குடும்பங்களின் ஆண்களுக்குத்தான் இடம், ஏரிக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் அதில் இல்லை, பெண்கள் யாருமே இல்லை. தண்ணீருக்கு அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து வைத்தால் முதல் நாளே சண்டை வரும், வரவும் வேண்டும்.